மூன்று டன் குளிரும் ஓர் அப்பளமும்

என் தம்பிக்கு டன் என்றால் ஐஸ். கிள்ளானில் லோரி ஓட்டி முன்னேறிய ஒரு முதலாளிக்கு டன் என்றால் சுமை. இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அரை மணி நேரம் அந்த ஒரே சொல்லைப் பேசினார்கள். நடுவில் உட்கார்ந்து வெள்ளைக்கார மேனேஜருக்கு மொழிபெயர்த்தவன் நான். இரண்டும் வேறு வேறு டன் என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை. அடுத்தவர் சொற்களைத் திருத்துவதற்கே சம்பளம் வாங்கியவன் என்பதால் இந்தக் குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசிப் பகுதி அது. கோலாலம்பூரில் ஒரு தமிழ்த் தினசரியில் துணையாசிரியராக இருந்தேன். பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதையை ஒட்டி இரண்டு அறை வாடகை வீடு. நான், என் மனைவி, தம்பி. தம்பிக்கு அப்போது இருபத்தாறு வயது. ஆறு ஆண்டுகள் ஐஸ் ஆலையில் வேலை பார்த்துவிட்டு, காற்றைக் குளிர வைக்கும் இயந்திரங்களை விற்கத் தொடங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் மெக்கானிக்காகச் சேர்ந்திருந்தான். ஆறு மாதம் பார்ப்போம், வேலை சரியாக இருந்தால் நிரந்தரம் என்பது மேனேஜர் துரையின் பேச்சு. ஐஸ் ஆலையில் அவன் இடத்துக்கு மறு வாரமே வேறு ஆள் வந்துவிட்டார். ஆகவே திரும்பிப் போக வழியில்லை.

அதுவரை கம்பெனி விற்றதெல்லாம் கடைகளுக்கும் படக் கொட்டகைகளுக்கும்தான். வீட்டுக்கு என்று வந்த முதல் ஆர்டர் கிள்ளான் முதலாளியுடையது. அவர் ஒருமுறை சிங்கப்பூர் போனபோது குளிரூட்டிய கொட்டகை ஒன்றில் படம் பார்த்திருக்கிறார். "என்ன படம்னு கேக்காதீங்க பேப்பர்காரரே. குளிரு மட்டுந்தான் ஞாபகம் இருக்கு" என்றார் என்னிடம். மாடியில் தானும் மனைவியும் படுக்கும் அறைக்கு அந்தக் குளிர் வேண்டும் என்றார்.

துரை ஊருக்குப் புதியவர். அவருக்கு மலாய் நான்கு சொல் தெரியும், தமிழ் ஒன்றும் தெரியாது. தம்பியின் ஆங்கிலம் பட்டறை ஆங்கிலம். குழாய், திருகு, அழுத்தம் என்பவற்றைத் தாண்டாது. அதனால் என் ஓய்வு நாளில் துணைக்கு வரச் சொன்னான். ரயிலேறிக் கிள்ளான் போனேன்.

அந்த அறைக்கு எவ்வளவு குளிர் தேவை என்பதைத் தம்பி ஏற்கெனவே கணக்குப் போட்டிருந்தான். எப்படிப் போட்டான் என்பதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை.

இயந்திரக்காரர்கள் டன் என்று சொல்வது, இரண்டாயிரம் ராத்தல் ஐஸ் ஒரு நாள் முழுதும் கரைந்தால் எவ்வளவு சூட்டை இழுத்துக்கொள்ளுமோ அந்த அளவு. துரையின் புத்தகத்தில் அறையின் நீள அகலம், சுவர், ஜன்னல், கூரை என்று பட்டியல் இருந்தது. அது குளிர் நாட்டு வீட்டுக்குப் போட்ட பட்டியல். நம்முடைய அறைக்கு ஓட்டுக்கூரை. ஜன்னலில் கண்ணாடி இல்லை, மரச்சட்டம். தம்பி அந்தப் பட்டியலை மூடி வைத்தான். ஐஸ் ஆலையிலிருந்து முதலாளியின் லோரியிலேயே ஐஸ் கட்டிகளை ஏற்றி வரச் செய்து, அந்த அறையில் தகரத் தொட்டிகளில் அடுக்கி, பின்னால் மின்விசிறி வைத்து ஓட்டினான். ஜன்னல் சட்டங்களின் இடுக்கில் பழைய செய்தித்தாளைத் திணித்தான்; எங்கள் பத்திரிகைதான். வெப்பமானி எழுபத்தைந்து பாரன்ஹீட்டில் நிலைத்த பிறகு, மணிக்கு எத்தனை ராத்தல் ஐஸ் குறைகிறது என்று தராசு வைத்து நிறுத்தான். எழுபத்தெட்டு ராத்தல். அதை இருபத்து நான்கால் பெருக்கினால் ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு.

இன்னொன்றையும் நிறுத்திருந்தான். ஐஸ் கரைந்த தண்ணீரைத் தனியே பிடித்து நிறுத்தபோது, குறைந்த ஐஸைவிடத் தண்ணீர் அதிகம் இருந்தது. நூறு ராத்தல் ஐஸுக்கு நூற்று நான்கு ராத்தல் தண்ணீர். தராசு தப்பு என்று நினைத்து இரண்டாம் முறை நிறுத்தான். அப்போதும் நூற்று நான்கு.

"அந்த நாலு எங்கேருந்துடா வந்துச்சு?" என்று நான் கேட்டேன்.

"காத்துலேருந்துதாண்ணே. ஐஸ் கிளாசு வெளிப்பக்கம் வேர்க்குதில்ல, அது மாதிரி. அந்த நாலு ராத்தலும் நம்ம மூஞ்சில ஒட்டிக்கிட்டு இருந்த புழுக்கம்."

புழுக்கத்தை ராத்தல் கணக்கில் நிறுத்த மனிதனை நான் அதுவரை கண்டதில்லை. அதற்குப் பிறகும் கண்டதில்லை.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, அடியில் 'ஒரு டன்' என்று கோடிட்டுத் துரையிடம் கொடுத்திருந்தான். அந்தத் தாள் மேசை மேல் இருக்கும்போதுதான் பேச்சு நடந்தது. துரை சொன்னதை நான் 'ஒரு டன் இயந்திரம்' என்று மொழிபெயர்த்தேன். முதலாளி சிரித்துவிட்டார்.

"ஒரு டன்னா? என்கிட்ட இருக்கிற ஓட்டை லோரியே மூணு டன் தூக்கும்லா! வீட்டுக்கு வாங்குறது லோரியவிடச் சின்னதா இருந்தா கிள்ளான்ல என்னை என்ன சொல்லுவான்?"

"மொதலாளி, இது தூக்குற டன் இல்ல" என்று தம்பி ஆரம்பித்தான்.

"டன்னுல என்னாப்பா ரெண்டு டன். மூணு போடு. அதிகமாக் குளுந்தா போர்வை போத்திக்கிறேன்."

நான் இதைத் துரைக்குச் சொன்னேன். துரையின் கிடங்கில் மூன்று டன் இயந்திரம் ஒன்று வாங்க ஆள் இல்லாமல் நின்றிருந்தது. யாரோ கடைக்காரர் கேட்டுவிட்டு வேண்டாம் என்றது. வாடிக்கையாளர் விருப்பம்தானே என்று சொல்லி, தம்பியின் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். தம்பி என்னைப் பார்த்தான். நான் தமிழில், "பெருசா இருந்தா நல்லதுதானேடா, விடு" என்றேன்.

அதோடு நிற்கவில்லை. அந்த வாரமே எங்கள் பத்திரிகையில் 'கிள்ளானில் மூன்று டன் குளிர் வீடு' என்று கால் பத்தியில் ஒரு செய்தி வந்தது. எழுதியது நான்.

இயந்திரம் வந்தது. நெட்டையான பீரோ மாதிரி இருந்தது. லோரியிலிருந்து இறக்கி மாடிக்கு ஏற்ற எட்டுப் பேர் தேவைப்பட்டார்கள். குழாய் இணைத்து, தண்ணீர் விட்டு, தம்பி விசையைத் தட்டினான். பத்தே நிமிடத்தில் அறை குளிர்ந்தது. முதலாளி கையைத் தட்டினார். செய்தி படித்துவிட்டு வந்த தெருக்காரர்கள் வரிசையாக மாடியேறி, அறைக்குள் ஒரு நிமிடம் நின்று, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். அந்த வீட்டுக்கே மூணு டன் வீடு என்று பெயர் வந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்துக் கம்பெனிக்குப் புகார் வந்தது. மெத்தை ஈரமாக இருக்கிறது. தலையணை நாறுகிறது. தீக்குச்சி உரசினால் பற்றவில்லை. முதலாளி கல்யாணத்துக்குப் போட்டுப் போகும் தோல் செருப்பில் பச்சைப் பூசணம். துரை போய் வெப்பமானியைப் பார்த்தார். எழுபத்திரண்டு காட்டியது. கேட்டது கிடைத்திருக்கிறதே என்றார். ஆனாலும் புகார் நிற்கவில்லை. இயந்திரத்தைத் திருப்பி எடுக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற நிலை வந்ததும், கம்பெனியில் காரணம் ஒன்று தேவைப்பட்டது. குழாயைப் பொருத்தியவன் சரியாகப் பொருத்தவில்லை, எங்கோ கசிகிறது என்று பேசத் தொடங்கினார்கள். தம்பியின் ஆறு மாதம் முடிய இரண்டு வாரம் இருந்தது. அதற்குள் சரி செய்யாவிட்டால் வர வேண்டாம் என்று துரை சொல்லிவிட்டார்.

தம்பி நான்கு நாள் கிள்ளானுக்கு நடையாக நடந்தான். குழாய் மூட்டு ஒவ்வொன்றையும் சோப்பு நுரை தடவிப் பார்த்தான். ஒரு சொட்டுக் கசிவும் இல்லை. ஐந்தாம் நாள் மாலை வீட்டுக்கு வந்து மேசை மேல் ஒரு பொட்டலத்தை வைத்தான். முதலாளியின் மனைவி கொடுத்தனுப்பிய முறுக்கு.

என் மனைவி ஒன்றை எடுத்துக் கடித்தாள். முறுக்கு முறியவில்லை, வளைந்தது.

"எந்த மழையில வச்சிருந்தாங்க இத? நல்லா நமுத்துப் போச்சு."

"மழையில இல்ல அண்ணி. அந்தக் குளுரு ரூம்ல இருந்துச்சு. எறும்பு வராதுன்னு அங்க வச்சாங்களாம். நேத்துதான் சுட்டது."

"நேத்து சுட்டதா? எங்க அடுப்படியில ஓட்டை டப்பாவுல போட்டாக்கூட ரெண்டு நாளு தாங்கும். அந்த ரூமு நம்ம அடுப்படியவிட ஈரமால்ல இருக்கு?"

தம்பி முறுக்கைக் கையில் வாங்கி இரண்டு முனையையும் பிடித்து வளைத்துப் பார்த்தான். பிறகு எழுந்து போய், தன் பழைய கணக்குப் பிரதியைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தான்.

மறுநாள் இயந்திரத்தின் வடிகுழாய்க்கு அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு, கடிகாரத்தோடு அறையிலேயே உட்கார்ந்தான். இயந்திரம் ஐந்து நிமிடம் ஓடியது. அறை குளிர்ந்ததும் தானாக நின்றது. இருபது நிமிடம் சும்மா இருந்தது. மறுபடி ஐந்து நிமிடம். நிற்கும் நேரத்தில் விசிறி மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. குளிர்ந்த குழாய்களில் திரண்ட ஈரம் வடிகுழாய்க்கு வரும் முன்பே, அந்த விசிறிக் காற்று அதை எடுத்து அறைக்குள் திருப்பி ஊதியது. மாலை வரை வாளியின் அடி மட்டும் நனைந்திருந்தது. ஐஸ் வைத்த நாளில் மணிக்கு மூன்று ராத்தலுக்குக் குறையாமல் காற்றிலிருந்து இறங்கிய தண்ணீர், இப்போது இறங்கவே இல்லை.

"மெஷின் ரொம்பப் பெருசுண்ணே" என்றான் இரவுச் சாப்பாட்டின்போது. "குளுர வைக்கிற வேலைய அஞ்சு நிமிசத்துல முடிச்சிட்டுத் தூங்கிருது. ஈரத்த எடுக்கணும்னா நின்னு நெதானமா ஓடணும். யானைய வச்சு வீட்டுக்குத் தண்ணி தெளிக்கிற மாதிரி இருக்கு."

இன்னொன்றையும் அன்று பார்த்திருந்தான். மாலை விளக்கேற்றும் முன் முதலாளியின் மனைவி அந்த அறையில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார். கழுவிவிட்டு, லட்சுமி வரட்டும் என்று கதவையும் ஜன்னல்களையும் அகலத் திறந்து வைக்கிறார். அந்த வேளையில்தான் கிள்ளானில் மழை விட்டுப் புழுக்கம் எழும். பிறகு எல்லாவற்றையும் இறுக மூடி இயந்திரத்தைத் தட்டுகிறார். அந்த அம்மாளுக்குக் கணவரைப் போல ஊருக்குக் காட்டும் ஆசையெல்லாம் இல்லை. சுத்தமாக வைத்திருக்க நினைத்தார், அவ்வளவுதான். வெள்ளைக்காரர் எழுதிய எந்தப் புத்தகத்திலும் இந்த இரண்டு வாளியைப் பற்றி ஒரு வரியும் கிடையாது.

காரணம் தெரிந்துவிட்டது. அதைத் துரைக்குப் புரிய வைப்பதுதான் பாக்கி. அது என் வேலை. அதில் நான் படுதோல்வி அடைந்தேன்.

கம்பெனி அறையில் துரை முன் நின்று, "அங்கே வைத்த தின்பண்டம் நமுத்துப் போகிறது" என்பதை ஆங்கிலத்தில் சொல்ல முயன்றேன். மிருதுவாகிவிட்டது என்று பொருள்படும் ஒரு சொல்லைப் போட்டேன். மிருதுவாக இருந்தால் நல்லதுதானே, பல் இல்லாதவர்கள் சாப்பிடலாமே என்றார். ஈரம் என்றேன். எங்கே ஈரம், யார் தண்ணீர் ஊற்றியது என்றார். பழையதாகிவிட்டது என்றேன். புதிதாக வாங்கச் சொல்லுங்கள் என்று சிரித்தார். தண்ணீர் படாமலே, பழையதாகாமலே, காற்றை மட்டும் குடித்து மொறுமொறுப்பு போவதற்கு நம்மிடம் ஒரே சொல் இருக்கிறது. நாள் முழுக்க இரண்டு மொழிக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் எனக்கு அவர்களிடம் அதற்கு ஈடு அகப்படவில்லை. வெப்பமானியைக் காட்டிச் சொன்னால்தான் நம்புவேன் என்று துரை முடித்தார். வெப்பமானியோ எழுபத்திரண்டைத் தவிர வேறெதையும் சொல்லாது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மனைவி கேட்டுக்கொண்டே அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்தாள்.

"நாள் பூராவும் இங்கிலீசுலேருந்து தமிழ்ல எழுதுறீங்க, ஒரு நமுத்துக்கு வழியில்லையா? வாயால சொல்லிப் புரியலைன்னா வாயில போடுங்க."

மறுநாள் காலை அவள் பொரித்த பதினான்கு அப்பளம் மூடி இறுகிய பிஸ்கட் டின்னில் கிள்ளானுக்கு எங்களோடு ரயிலேறியது. தம்பி அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டு, வண்டி குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் பிடித்தான். அவனுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

துரை காரில் வந்தார். முதலாளி கூடத்தில் நாற்காலி போட்டு வரவேற்றார். தம்பி டின்னைத் திறந்து, ஒரு அப்பளத்தை மாடி அறையில் தட்டில் வைத்தான். இன்னொன்றைக் கீழே கூடத்தில், விசிறி இல்லாத வெறும் புழுக்கத்தில் வைத்தான். மீதியை மூடினான். முக்கால் மணி நேரம் எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டு காத்திருந்தோம். துரை இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னா தம்பி, அப்பளத்துக்குச் சடங்கா?" என்றார் முதலாளி.

"கொஞ்சம் பொறுங்க மொதலாளி."

நேரம் ஆனதும் தம்பி கூடத்து அப்பளத்தை எடுத்துத் துரையின் கையில் கொடுத்தான். துரை உடைத்தார். சட்டென்று ஒடிந்தது, சத்தம் கேட்டது. மாடிக்குப் போனோம். குளிர் முகத்தில் அடித்தது. தட்டில் இருந்த அப்பளம் கிடந்த இடத்திலேயே தொய்ந்திருந்தது. துரை எடுத்து உடைக்கப் பார்த்தார். அது துணி மாதிரி மடிந்தது. மறுபடி மடித்தார். நான்காய் மடித்துப் பார்த்தார். பிறகு வாயில் போட்டு மென்றார். வெகு நேரம் மென்றார்.

தம்பி தன் பட்டறை ஆங்கிலத்தில், இடையில் ஒரே ஒரு தமிழ்ச் சொல் வைத்துச் சொன்னான்: கீழே சூடு, நமுத்து இல்லை, மேலே குளிர், நமுத்து.

துரைக்கு விஷயம் தெரியாமல் இல்லை. அவர் படித்தவர். எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதை அந்த அப்பளம்தான் அவருக்கு நினைவுபடுத்தியது. காரிலிருந்து இரண்டு வெப்பமானிகளைக் கொண்டுவரச் சொன்னார். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்ற வேண்டும் என்றார். முதலாளியின் மனைவி மெல்லிய மல் துணி கிழித்துக் கொடுத்தார். ஈரத்துணி சுற்றியதை விசிறிக் காற்றில் பிடித்தால், காற்று உலர்ந்திருக்கும் அளவுக்கு அதன் பாதரசம் கீழே இறங்கும். காற்று ஈரமாக இருந்தால் இறங்காது. கூடத்தில் இரண்டுக்கும் ஒன்பது டிகிரி வித்தியாசம். மாடி அறையில் இரண்டே டிகிரி. எண்களை நான் என் செய்திக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

துரை பைக்குள் தேடித் தம்பியின் பழைய தாளை எடுத்தார். அதை அவர் தூக்கி எறியவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மடிப்பைப் பிரித்து, ஒரு டன் என்று கோடிட்ட இடத்தைப் பார்த்தார். இதைத் திருப்பி எடுத்துக்கொண்டு சிறிய இயந்திரம் கொடுத்துவிடலாம் என்றார்.

நான் மொழிபெயர்த்ததும் முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார்.

"எட்டுப் பேரு தூக்கிட்டு வந்தத எட்டுப் பேரு திரும்பத் தூக்கிட்டுப் போறதா? தெருவே பாக்கும்லா. பேப்பர்ல வேற போட்டுட்டாரு இவரு. மூணு டன் வீடுன்னு போஸ்ட்மேனுக்குக்கூடத் தெரியும். ஒரு டன் வீடுன்னு நான் எப்பிடி இருக்குறது?"

என்னைச் சுட்டிய விரல் நியாயமான விரல்.

துரை தோளைக் குலுக்கினார். இயந்திரம் ஐந்து நிமிடம் ஓடி நின்றது. அந்தச் சத்தம் அடங்கியதும் தம்பி சொன்னான்.

"மெஷினச் சிறுசாக்க வேணாம் மொதலாளி. ரூமப் பெருசாக்கிருவோம்."

"என்னாது?"

"மூணு டன் இங்கேயே இருக்கட்டும். இந்த ரூமுக்கு ஒரு டன்தான் வேணும். பக்கத்து ரூமு, அதுக்கு அடுத்த பெரிய ரூமு, ரெண்டும் சேத்தா மிச்ச ரெண்டு டன்ன அதுங்க வாங்கிக்கும். செவத்துல மேலயும் கீழயும் ஓட்டை போட்டு, தகரத்துல வாய் வச்சுக் காத்தக் கொண்டுபோயிரலாம். மெஷினுக்கு நாள் முழுக்க வேலை. நின்னு ஓடும். ஈரத்த இழுக்கும்."

முதலாளி யோசித்தார். "அப்ப மாடி பூரா குளுரும்?"

"மாடி பூரா."

"மூணு டன்னும் எனக்கு வேலை செய்யும்?"

"மூணும்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா!" என்று என் முதுகில் தட்டினார், குற்றவாளி நான் என்பது போல. ஒருவகையில் உண்மைதான்.

துரை என்னிடம், அந்த இரண்டு அறைகளுக்கு இரண்டு டன் போதும் என்று இவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். நான் கேட்பதற்குள் தம்பிக்குக் கேள்வி புரிந்துவிட்டது. ஐஸ் என்றான். அன்றே மூன்று அறைக்கும் லோரியில் ஐஸ் வந்தது. இம்முறை துரை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தராசுப் பக்கத்தில் நின்றார். மணிக்கு இருநூற்று முப்பது ராத்தல். பெருக்கிப் பார்த்தால் இரண்டே முக்கால் டன். துரை தன் பேனாவால் பெருக்கினார், தம்பி மனத்தில் பெருக்கினான். தம்பிதான் முதலில் முடித்தான்.

கிள்ளான் கடைத்தெருவில் தகர வேலை செய்த சீனர் ஒருவர் காற்று வாய்களைச் செய்து கொடுத்தார். சுவர் உடைத்துப் பொருத்த மூன்று நாள். எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது முதலாளியின் மனைவியோடு நடந்த பேச்சுதான்.

"அக்கா, தரையத் துணி நனைச்சுப் பிழிஞ்சு தொடைங்க. வாளி வேணாம். சாயங்காலம் ஜன்னலத் தொறக்க வேணாம்."

"வெளக்கு வைக்கிற நேரத்துல வீட்ட அடைச்சு வைக்கச் சொல்றியா? லட்சுமி எந்த வழியா வருவா?"

"கீழ வாசக்கதவு தொறந்தே இருக்கட்டும் அக்கா. அவங்க படியேறி வருவாங்க. மாடிக் கதவ மட்டும் நீங்க அவங்களுக்குத் தொறந்துட்டு உடனே சாத்திருங்க."

அந்த அம்மாள் அவனைப் பார்த்தார். "அவ வந்து நமுத்துப் போயிரக் கூடாதுன்னு சொல்றே, அதான?" என்று சிரித்துவிட்டார். வாளிகள் கீழே இறங்கின.

ஆறு மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போது மறுபடியும் கிள்ளான் போனோம். இயந்திரம் நிற்காமல் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. வடிகுழாய் வாளி காலையிலிருந்து இரண்டு முறை நிறைந்ததாக வீட்டு வேலைக்காரர் சொன்னார். அறையில் எழுபத்தாறு டிகிரி. முன்பைவிட நான்கு டிகிரி அதிகம். முதலாளி அதைக் கவனிக்கவே இல்லை. முன்னைவிட நன்றாகக் குளிர்கிறது என்றார். உடம்பில் வியர்வை காய்ந்ததால் அப்படித் தோன்றியது. ஈரத்துணி வெப்பமானி பத்து டிகிரி கீழே நின்றது. துரை அதைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு தம்பியின் பக்கம் கையை நீட்டினார். கை குலுக்க என்று நினைத்தேன். அப்பளம் கேட்டிருக்கிறார். காலையிலிருந்து அந்த அறையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தான். அது இரண்டாக ஒடிந்தது. ஒரு பாதியைத் தானே தின்றுவிட்டு, மறு பாதியைத் தம்பிக்குக் கொடுத்தார். நிரந்தர வேலைக்கான கடிதம் மறுநாள் வந்தது. அந்தக் கடிதத்தைவிட, ஒரே அப்பளத்தை இரண்டாக்கிய அந்த நேரம்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் தம்பி அதை நிதானமாக, வாசலைப் பார்த்தபடி மென்றான்.

முன்பு போட்ட செய்திக்கு நான் ஒரு திருத்தம் எழுதினேன். இயந்திரத்தின் டன் வேறு, லோரியின் டன் வேறு. பெரியது எப்போதும் நல்லதல்ல. அறையை அளந்த பிறகே வாங்க வேண்டும். ஈரம் போகாவிட்டால் குளிரால் பயனில்லை என்று பத்து வரி. அளந்தது யார் என்று அதில் இல்லை. சொந்தக்காரர் பெயரைச் செய்தியில் போடக்கூடாது என்பது எங்கள் அலுவலக வழக்கம். 'கம்பெனியின் மெக்கானிக் ஒருவர்' என்று அச்சில் போனது. மெய்ப்பு பார்த்தபோது அந்த 'ஒருவர்' என்ற சொல்லின் மேல் என் பென்சில் சற்று நேரம் நின்றது. பிறகு அடுத்த பத்திக்குப் போனேன்.

அதன்பின் கம்பெனி வீடுகளுக்கு இயந்திரம் விற்கும்போதெல்லாம் அளவெடுக்கத் தம்பிதான் போனான். வெள்ளைக்காரர் பங்களாக்களுக்கும் அவன்தான். ஐஸும் தராசும் லோரியில் வரும். மடியில் பிஸ்கட் டின் இருக்கும். வாரம் ஒருமுறை எங்கள் வீட்டில் அப்பளம் பொரிக்கும் வாசனை எழும். "கம்பெனியில எனக்கும் ஒரு சம்பளப் பொஸ்தகம் தொறக்கச் சொல்லுங்க, தம்பி. நானும் ஆறு மாசம் முடிச்சிட்டேன்" என்பாள் என் மனைவி.

ஒருநாள் கம்பெனி அச்சடித்த புதிய அளவெடுப்புத் தாளை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்தான். நீளம், அகலம், உயரம், கூரை, ஜன்னல், எத்தனை பேர் படுப்பார்கள் என்று வரிசையாக இருந்தது. கீழே இரண்டு புதிய வரிகள். ஒன்று, தரை கழுவும் வழக்கம் உண்டா என்பது. அதற்கும் கீழே, கடைசிக் கட்டத்தின் தலைப்பாக, ஆங்கில எழுத்துகளில் நம்முடைய 'நமுத்து' அச்சாகியிருந்தது. துரையின் காதுக்குக் கேட்டபடி எழுதியதால் நடுவில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. பழக்க தோஷத்தில் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தேன்.

தம்பி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"விடுங்கண்ணே. அது எங்க கம்பெனி வார்த்தை."